வைகைக் கரை சகாரா அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

புதைந்த ஊர்களைத் தோண்டாமலே கண்டறியும் தொலையுணர்வு பற்றி வண்ணப் படங்களோடு நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தால், செயற்கைக்கோள் படம் எடுத்ததுமே புதைந்த நகரம் தெரிந்துவிடும் என்று தோன்றுகிறது. மண்ணுக்கடியில் இருப்பது விண்ணிலிருந்து தெரிந்ததும் உண்டுதான், ஆனால் சகாராவில். 1981இல் கொலம்பியா விண்ணோடத்தில் போன ராடார், மணலுக்கடியில் மூடிக்கிடந்த பழைய ஆற்றுத் தடங்களைக் காட்டியது. சுக்காய்க் காய்ந்த மணல், 23 செ.மீ. அளவிலான அலைநீளம், அதனால் அலை ஓரிரு மீட்டர் இறங்கித் திரும்பியது. வைகைக் கரை ஈர வண்டலில் அது மேல்மண்ணைத் தாண்டாது.

இங்கே மேலிருந்து கிடைப்பதெல்லாம் மறைமுகத் தடயம். புதைந்த சுவருக்கு மேல் மண் ஆழம் குறைவு. மழை பொய்த்தால் அந்தக் கோட்டுப் பயிர் முதலில் வாடும். தூர்ந்த அகழிக்கு மேல் ஈரம் நின்று பயிர் பச்சையாக இருக்கும். பாசன வயலிலும் தென்னந்தோப்பிலும் இந்த வித்தை பலிக்காது. இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். அதில் இரண்டடிச் சுவரைத் தேடுவது வீண். அதைவிட 1960களில் அமெரிக்காவின் ‘கொரோனா’ உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள் மேல்: டிராக்டர் நிரவுவதற்கு முன்பிருந்த மேடுகளை அவற்றில் பார்க்கலாம்.

அடுத்து, தரை ஊடுருவும் ராடார்: தரைமேல் இழுத்துச் சென்று, மண்ணுக்குள் ரேடியோ அலையை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கும் கருவி. அரை மீட்டர் இடைவெளியில் கோடு கோடாக, மண் நன்றாகக் காய்ந்த பருவத்தில் இழுக்க வேண்டும். கருவி அளப்பது ஆழத்தை அல்ல, நேரத்தை. எதிரொலி 40 நானோநொடியில் திரும்புகிறது என்று வையுங்கள். அலைவேகம் நானோநொடிக்கு 0.1 மீட்டர் என்றால் போகவும் வரவும் 4 மீட்டர், அதாவது ஆழம் 2 மீட்டர். ஈரக் களியில் வேகம் 0.06தான், ஆழம் 1.2 மீட்டராகிவிடும். குழியின் பக்கச் சுவரில் தெரிந்த ஆழத்தில் இரும்புக் கம்பியைக் கிடையாகச் செருகி, மேலே கருவியை இழுத்து வேகத்தைச் சரிபார்ப்பது அரைமணி வேலை. அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சுட்ட செங்கலுக்கும் சூளைக்கும், காந்தப் புலத்தின் வலிமையை அளக்கும் காந்தமானியே ஏற்றது. மதுரைப் பக்கம் புவிக்காந்தப் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. நாம் தேடும் மாற்றமோ பெரும்பாலும் சில பத்துகள். கம்பிவேலியோ பெல்ட்டின் இரும்புக் கொக்கியோ போதும், அளவு கெட்டுவிடும். இன்னொரு சிக்கலைக் கட்டுரை தொடவே இல்லை. புவிக்காந்தப் புலம் தரைக்கு இணையாகப் படுத்துவிடும் காந்த நடுக்கோடு தென்தமிழகத்துக்கு அருகில் செல்வதால் புலம் இங்கே ஏறக்குறைய படுக்கையாக இருக்கிறது; ஐரோப்பாவில் அது செங்குத்தாகச் சரிந்திருக்கும். அதனால் ஐரோப்பியப் பாடநூல் சூளை இருக்கும் இடத்தில் காந்தமானி அளவின் ஏற்றத்தைத் தேடச் சொல்லும். இங்கே நேர்மேலே இறக்கமும் வடக்கிலும் தெற்கிலும் ஏற்றமும் வரும். ஏற்றத்தைப் பார்த்துக் குழி போட்டால் சூளை பக்கத்தில் கிடக்கும். வடக்கு தெற்காக ஓடும் நீளச் சுவரோ நடுவில் மங்கி, முனைகளில் மட்டுமே தலைகாட்டும்.

இனி இத்தகைய வண்ணப் படங்களை வெளியிடும்போது கோட்டு இடைவெளி, கணக்கில் கொண்ட அலைவேகம், எடுத்த மாதம் ஆகியவற்றைப் படத்தின் கீழேயே அச்சிடுங்கள். கருவி காட்டிய இடத்தில் தோண்டியும் வெறும் மண் வந்த குழிகள் எத்தனை என்பதையும் சேர்த்து.

வாசகர், மதுரை