பட்டை வண்டுக் கணக்கெடுப்பில் கைகொடுத்தவர்களுக்கு

கிளீவ்லாந்து வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு வணக்கம்.

மரப்பட்டையைக் குடையும் வண்டுகளைப் பிடிக்கக் கட்டிய கடைசிப் பொறியையும் போன வாரம் அவிழ்த்துக் கொண்டுவந்தாயிற்று. உங்களுக்கு நன்றி சொல்லாமல் அறிக்கை எழுத உட்கார மனம் வரவில்லை.

முதலில், தமிழ் தெரியாத ஒருவருக்கு. கிறிஸ்துமஸ் மரத் தோட்டக்காரர். ஐரோப்பாவின் பைன் குருத்து வண்டு இந்த நாட்டில் குடியேறிவிட்டது என்று 1992-இல் தெரியவந்ததே இங்கே ஓஹியோவில், இதுபோன்ற ஒரு தோட்டத்தில்தான். அதிலிருந்து 2020 வரை மரங்களை வெளியூர் அனுப்பக் கெடுபிடி. வண்டைத் தேடி வந்தவனை அவர் விரட்டியிருந்தாலும் குற்றமில்லை. அவரோ, பனி முழுசாகக் கரையாத ஒரு மார்ச் மதியம், வெயில் ஏறுகிறது, பொறி மாட்டியாயிற்றா என்று போன் செய்தார். பன்னிரண்டு டிகிரி செல்சியஸைத் தொட்டாலே பறக்கத் தொடங்கிவிடும் வண்டு அது. அந்தப் போன் வராதிருந்தால் முதல் கூட்டத்தைக் கோட்டை விட்டிருப்பேன்.

அப்புறம், தன் வீட்டு டாக்வுட் மரத்தில் 'சேமியா முளைத்திருக்கிறது' என்று கூப்பிட்ட அக்காவுக்கு. போய்ப் பார்த்தால் பட்டையிலிருந்து வெள்ளை வெள்ளையாக மரத்தூள் இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன, தொட்டதும் உதிர்ந்தன. உள்ளே எள்ளளவு கறுப்பு வண்டு. பூர்வீகம் கிழக்கு ஆசியா, 1932-இல் நியூயார்க்கில் பிடிபட்டது. மரத்தைத் தின்னாது, குடைந்த வளைக்குள் பூஞ்சை பயிர் செய்து அதைத் தின்னும்!

என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மே மாதம் பொறிகளில் விழுந்த பூச்சிகளை ஆல்கஹாலில் போட்டு வைத்த குப்பிகளுக்குள், இடம் குறிக்கும் சீட்டில் பேனாவால் எழுதிவிட்டேன். ஆல்கஹாலில் மை கரைந்து, எந்தக் குப்பி எந்தத் தோப்பு என்றே தெரியவில்லை. குப்பி குப்பியாகத் தேதி, இடம், பூச்சிகளின் உத்தேச எண்ணிக்கை என்று தன் நோட்டில் குறித்து வைத்திருந்த ஆசிரியர் மாமாதான் காப்பாற்றினார்.

மைக்ராஸ்கோப்பில் தரம் பிரித்த பிள்ளைகளுக்கும் நன்றி. பின்புறம் குடைந்தாற்போல் சரிந்து, ஓரத்துக்கு நான்கு முள் இருந்தால் இந்த மண்ணின் பைன் வண்டு என்று இப்போது என்னைவிட வேகமாகச் சொல்கிறார்கள். பெரும்பாலும் நலிந்த மரத்திலும் விழுந்த மரத்திலும் பிழைக்கிற அதற்கு, வந்தேறிகளால் கெட்ட பெயர்.

வண்டே விழாத குப்பியைத் தயங்கித் தயங்கிக் கொடுத்தவர்களே, அதுவும் கணக்கில் சேர்ந்தது. அவரவர் தோட்டத்துப் பட்டியல் தபாலில் வரும். கூடவே ஆளுக்கொரு பென்சில்.