செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளும், அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரமும் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு விதிப்படி கூடியது.

நம் சோலைமரக் கன்று நாற்றங்கால் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய வால்பாறையில், தேயிலைக்கு நடுவே எஞ்சியிருப்பவை துண்டு துண்டான சோலைகள், அதாவது மழைக்காடுகள். சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்கு மரம் விட்டு மரம் தாவி வாழ்வது. கிளைத்தொடர்பு அறுந்த இடத்தில் தரையிறங்கிச் சாலையைக் கடக்கிறது, வண்டியில் அடிபடுகிறது. அந்தத் தொடர்பை மீட்கத்தான் மரம் நடுகிறோம். அதற்குச் சீக்கிரம் வளரும் சில்வர் ஓக் மரம் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. சோலைமந்திக்கு வெடிப்பலா என்னும் சோலைமரத்தின் பூவும் விதையும் முக்கிய உணவு. அதைச் சில்வர் ஓக் தராது.

வெடிப்பலா விதை காய்ந்தால் செத்துவிடும், சேமித்துவைக்க முடியாது. காப்பகத்துக்குள் விதை எடுப்பதில்லை. தோட்ட ஓரங்களில் உதிர்ந்ததை மட்டும், மலையணிலுக்கு ஒரு பங்கு விட்டுவிட்டுப் பொறுக்கி, சில நாட்களுக்குள் நிழலில் ஈரமணல் பாத்தியில் ஊன்றுகிறோம். முளைத்து இலை விரிந்ததும் பைக்கு மாற்றுகிறோம். அதன்பின் மாதம் ஒருமுறை ஒவ்வொரு பையையும் தூக்கி இடம் மாற்றி வைக்க வேண்டும். தவறினால் ஆணிவேர் பையைத் துளைத்துத் தரையில் இறங்கிவிடும். நடவுக்கு எடுக்கும்போது அந்த வேர் அறுபடும். கன்று அன்றைக்குப் பச்சையாகத்தான் தெரியும், சில வாரங்களில் நுனியிலிருந்து கருகும். இவ்வாண்டு பட்டுப்போன கன்றுகளில் பலவற்றின் வேர் இப்படி அறுந்திருந்தது. பை தூக்கும் முறைப்பட்டியலில் பெயர் கொடுத்தவர்கள் வந்திருந்தால் அவை பிழைத்திருக்கும்.

களையெடுப்பும் அப்படியே. உண்ணிச்செடி (லான்டானா) என்னும் களைப்புதரை வெட்டினால் மறுபடி தழைக்கும். வேரோடு பிடுங்க வேண்டும். அதற்கு முன், புதருக்குள் தானாக முளைத்திருக்கும் சோலைமரக் கன்றுகளைத் தேடிக் குச்சி நட்டுத் துணி கட்ட வேண்டும். இல்லையென்றால் அரிவாளில் அவையும் போகும். நட்ட கன்றுக்கு முதல் மூன்று ஆண்டுகள் இந்தக் கவனிப்பு தேவை. நடவு நாளுக்கு வந்தவர்களில் பாதிப்பேர்கூட இதற்கு வரவில்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நன்கொடையே பெரும்பகுதி வரவு. நிழல்வலை, பை, எரு, வண்டி வாடகைக்கே பெரும்பகுதி போயிற்று, கையிருப்பு சொற்பம். சந்தா நிலுவை பலரிடம் தொடர்கிறது. இரண்டாண்டுக்கு மேல் பாக்கி வைத்திருப்பவர்களுக்குக் கடிதம் அனுப்பியாயிற்று. பதில் எதிர்பார்க்கிறேன்.

இடம் தந்த தோட்ட நிர்வாகத்துக்கும், வனத்துறைக் களப்பணியாளர்களுக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

வரும் தென்மேற்குப் பருவமழையில் நடுவதற்கான கன்றுகள் நிழல்வலைக்குள் தயாராக நிற்கின்றன. நடுவதற்குச் சில வாரங்கள் முன்பே வலையை விலக்கி வெயிலுக்குப் பழக்க வேண்டும். அந்த நாட்களில் காலை மாலை இரு வேளையும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். நாற்றங்கால் பொறுப்பைப் பகிர ஒரு துணைச் செயலாளரை இக்கூட்டமே தேர்ந்தெடுத்தால் பணி தடையின்றி நடக்கும். முறைப்பட்டியலின் புதிய தாள் வாசல் மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்