டிசம்பரில் போய்ப் பாருங்கள், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீட்டில் உங்கள் அப்பச்சியின் (அப்பாவின்) பங்கு இப்போது உங்கள் கைக்கு வருகிறது. பங்காளிகளில் சிலர் பிரித்து விற்றுவிடலாம் என்கிறார்கள். தேக்குத் தூணுக்கும் நிலைக்கும் விலை கேட்டு ஆள் வந்தாயிற்று. எந்த முடிவு எடுத்தாலும் சரி, அதற்கு முன்னால் கூரையைக் காப்பாற்றுங்கள். பாகப்பிரிவினைப் பேச்சு பத்து வருஷம் இழுக்கும். ஒழுகுகிற கூரை அவ்வளவு காலம் பொறுக்காது.

சிங்கப்பூரிலிருந்து பெரும்பாலும் ஜூன் பள்ளி விடுமுறையில்தான் ஊருக்குப் போகிறோம். அப்போது வீடு காய்ந்து கிடக்கும், ஒரு குறையும் கண்ணில் படாது. அங்கே பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. பிள்ளைகளின் ஆண்டிறுதி விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. மழை பெய்துகொண்டிருக்கும்போதே வளவை, அதாவது நடுமுற்றத்தையும் அதைச் சூழ்ந்த தாழ்வாரங்களையும், சுற்றி நடந்து, சொட்டுகிற இடத்துக்கெல்லாம் தரையில் சாக்கட்டியால் வட்டம் போடுங்கள். சொட்டுக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடாதீர்கள். தண்ணீர் மரச்சட்டத்தின் சரிவில் ஓடி வந்துதான் விழும், அதனால் பழுது இன்னும் மேலே இருக்கும்.

கூரையின் நாட்டு ஓடு நழுவ ஒரு குரங்கு போதும். நழுவிய ஓடு ஒன்றைக் கையில் எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் திரும்பப் போடலாம்; சத்தம் அமுங்கினால் உள்ளே விரிசல். ஓடுகளைப் பிரித்து மேய்கிற வேலையை மறு வருஷம் ஆவணிக்குள் முடித்துவிட வேண்டும். உத்திரங்களில் முதலில் கெடுவது சுவருக்குள் புதைந்த முனை. திருப்புளியால் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் பூச மட்டும் சம்மதிக்காதீர்கள். கொத்தனார் அதைத்தான் சொல்வார், சீக்கிரம் முடியும் என்பதால். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரம் சில வருஷத்தில் பழைய பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்புப் பூச்சே போடச் சொல்லுங்கள்: ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், கடுக்காய் ஊறிய தண்ணீர். சுண்ணாம்பு இரண்டு வாரமாவது தண்ணீரில் ஊற வேண்டும். சரியாக ஊறாதது பூசிய பிறகு பொரிந்து, சுவர் முழுக்கக் குழி குழியாகத் தெறிக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது. அது சூளையில் சுட்ட கல் இல்லை, கண்ணாடிமேல் வார்த்த சிமெண்ட். ஆசிட் மேல் நிறத்தையே தின்றுவிடும்.

செலவைப் புள்ளிக் கணக்கில், அதாவது கல்யாணமான ஆணுக்கு ஒரு புள்ளி என்று, பிரிக்காதீர்கள். கோவில் வரிக்குப் புள்ளி சரி. வீட்டுக்குப் பங்குக் கணக்குதான் நியாயம்; இல்லாவிட்டால் ஆண்பிள்ளைகள் அதிகமான கிளை ஒரே பங்குக்குப் பல மடங்கு கொடுக்கும், அங்கேதான் மனத்தாங்கல் தொடங்கும்.

இனிக் காகிதம். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது, தலைமுறைக்கு ஒரு வாரிசுச் சான்றிதழ். 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை உண்டு. சீர் கொடுத்தாயிற்றே என்று உங்கள் அக்காவின் கையெழுத்தை விட்டுவிட்டால் பத்திரம் பின்னால் நிற்காது. அவரையும் இப்போதே பேச்சில் சேருங்கள், அது அவருக்குச் சேர வேண்டிய மரியாதையும்கூட.

ஊரில் இருக்கும் பங்காளிக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்தால், பழுது பார்க்கவும் வரி கட்டவும் மட்டும் என்று எழுதுங்கள். விற்கும் அதிகாரம் வேண்டாம். இங்கே நோட்டரி முன் கையெழுத்திட்டு, சிங்கப்பூர் சட்டக் கழகத்தில் (Singapore Academy of Law) அப்போஸ்டில் முத்திரை, அதாவது பத்திரத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் சான்று, வாங்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே இந்த முறை நடப்பில் இருக்கிறது. பத்திரம் இந்தியாவுக்குள் போன மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். போய்ச் சேர்ந்த தேதிக்குச் சாட்சி கூரியர் உறைதான், அதைக் கிழித்து எறிய வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

திருச்சிக்கு டிக்கெட் இப்போதே போட்டுவிடுங்கள், டிசம்பர் நெருங்கினால் விலை ஏறிவிடும். நல்ல டார்ச் ஒன்றும் சாக்கட்டி ஒரு பெட்டியும் பையில் இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்