செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டு நமது திரைப்படச் சங்கம் 11 படங்களைத் திரையிட்டது. ஏப்ரலில் அரங்கம் கிடைக்கவில்லை, அக்டோபரைத் தீபாவளிக்காக விட்டுவிட்டோம், டிசம்பரில் இரண்டு படங்கள் போட்டோம். ஆண்டு தொடங்கும்போது 65 பேர் இருந்தோம், இப்போது 84 பேர். புதிதாகச் சேர்ந்த 19 பேரில் 12 பேர் பெண்கள். ஞாயிறு மாலைக் காட்சியைக் காலை பத்து மணிக்கு மாற்றியதுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். இருட்டும் முன்பே வீட்டுக்குப் போய்விடலாம் என்பதால் பலர் வரத் தொடங்கினார்கள். இந்த நேரத்தை மாற்ற வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

ஆண்டின் பிற்பகுதியில், காதலும் காசும் அந்தஸ்தும் ஒன்றோடொன்று மோதும் பழங்காலக் கதைகளை வரிசையாகப் பார்க்க முடிவு செய்திருந்தோம். ஆகஸ்டில் வில்லியம் வைலரின் ‘தி ஏரெஸ்’ (1949), செப்டம்பரில் மார்ட்டின் ஸ்கார்செசியின் ‘தி ஏஜ் ஆஃப் இன்னசன்ஸ்’ (1993). இரண்டும் நன்றாகவே போயின. ஆனால் இந்த அறிக்கையில் நான் விரிவாகச் சொல்ல விரும்புவது டிசம்பர் 14 காட்சியைப் பற்றித்தான். என் மூன்றாண்டுச் செயலாளர் பொறுப்பில் இப்படி ஒரு காலைப்பொழுது அமைந்ததில்லை.

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் பிறந்தது 1775 டிசம்பர் 16. 250ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு, அவருடைய நாவலிலிருந்து ஆங் லீ இயக்கிய ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யை (1995) திரையிட்டோம். திரைக்கதை எழுதி மூத்த மகள் எலினோராகவும் நடித்தவர் எம்மா தாம்சன். அந்தத் திரைக்கதைக்கு அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. ‘ஹோவர்ட்ஸ் எண்ட்’ படத்தில் நடித்ததற்கு முன்பே ஒன்று வாங்கியிருந்தார். நடிப்பு, எழுத்து இரண்டுக்கும் ஆஸ்கர் பெற்றவர் அவர் ஒருவர்தான். பெர்லின் திரைப்பட விழாவில் படத்துக்கு முதல் பரிசான தங்கக் கரடியும் கிடைத்தது.

ஆங்கில வசனம் எல்லோருக்கும் எட்டாது என்பதால் நான்கு பக்கத்தில் தமிழ்க் குறிப்பு அச்சிட்டுக் கொடுத்தோம். அதில் கதைச் சுருக்கத்தைவிடப் பணக் கணக்குதான் அதிகம். ஓய்வுபெற்ற வங்கி மேலாளரான நம் பொருளாளர் எழுதிக் கொடுத்தது அது. படத்தில் அப்பா இறந்ததும் நார்லண்ட் மாளிகை மூத்த தாரத்து மகனுக்குப் போய்விடுகிறது. இரண்டாம் தாரத்துக்கும் மூன்று பெண்களுக்கும் மிஞ்சுவது ஆண்டுக்கு 500 பவுண்டு. நாவலின்படி கையில் உள்ள முதல் 10,000 பவுண்டு, வட்டி நூற்றுக்கு ஐந்து. “ஃபிக்சட் டெபாசிட் வட்டியில் காலம் தள்ளுகிற குடும்பம், அவ்வளவுதான்” என்று அவர் ஒரே வரியில் சொன்னபோது முன்வரிசையில் பலர் தலையசைத்தார்கள். எங்களுக்கு அந்தக் குடும்பம் அப்போதே பழக்கமான வீடாகிவிட்டது.

தங்கைகளைப் பார்த்துக்கொள்வதாக அப்பாவின் மரணப்படுக்கையில் மகன் ஜான் வாக்குக் கொடுக்கிறான். 3,000 பவுண்டு கொடுக்கலாம் என்று நினைக்கிறான். மனைவி ஃபேன்னி பேசப் பேச அது பாதியாகிறது, பிறகு தாய்க்கு ஆண்டுக்கு 100 ஆகிறது, பிறகு எப்போதாவது ஒரு 20 பவுண்டு. அவர்கள் வண்டியேறி நார்லண்ட் போய்ச் சேருவதற்குள் ஒன்றுமே இல்லாமல் போய்விடுகிறது. ஒரு குரல்கூட உயரவில்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. சொத்துப் பங்கீட்டில் நடக்கும் கொடுமையை இவ்வளவு அமைதியாகக் காட்டிய காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகு டெவன்ஷயரில் ஒரு சிறிய வீடு. அங்கே எலினோர் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். சர்க்கரையை ஏற்கெனவே நிறுத்தியாயிற்று, இப்போது மாட்டிறைச்சியும் விலை கட்டுப்படியாகவில்லை என்கிறாள். அம்மாவுக்குக் கோபம் வருகிறது. வீட்டுச் செலவைக் கையில் வைத்திருக்கும் மூத்த பெண்தான் எல்லோரிடமும் கெட்ட பெயர் வாங்குகிறாள். இளையவள் மரியான் (கேட் வின்ஸ்லெட்) மழையில் நனைந்து அழுகிறாள், பாடுகிறாள், காதலிக்கிறாள். மூத்தவளுக்கோ அழக்கூட நேரமில்லை. கடைசியில், வேறொருத்தியை மணந்துவிட்டான் என்று எலினோர் நம்பியிருந்த அவள் காதலன் எட்வர்ட் (ஹியூ கிராண்ட்) தனக்கு இன்னும் மணமாகவில்லை என்று சொன்னதும், அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எலினோருக்குப் பீறிட்டு வருகிறதே, அப்போது அரங்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. நானும் அவர்களில் ஒருவன்.

வில்லோபியைப் பற்றித்தான் கலந்துரையாடலில் பெரிய விவாதம். மரியானைக் காதலித்துவிட்டு, கடனுக்குப் பயந்து 50,000 பவுண்டு கொண்டுவரும் பெண்ணை மணந்துகொள்கிறவன் அவன். இளைஞர்கள் சிலர் அவன்மீது இரக்கப்பட்டார்கள். எனக்கு இரக்கம் வரவில்லை. அவன் முன்னால் இருந்தது பட்டினியா காதலா என்ற கேள்வி அல்ல. வசதி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதற்கே அவன் மனம் ஒப்பவில்லை. கடைசியில் மரியானை மணக்கும் கர்னல் பிராண்டன் (ஆலன் ரிக்மன்) மணக்கோலத்தில் வெளியே வந்து கூட்டத்தின்மேல் நாணயங்களை வீசுகிறான், குழந்தைகள் ஓடிப் பொறுக்குகிறார்கள். தூரத்துக் குன்றில் குதிரைமேல் இருந்து வில்லோபி அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறான். வானத்தில் பறக்கும் அந்தக் காசுகளோடு படத்தை முடித்த ஆங் லீக்கு ஒரு வணக்கம்.

விவாதம் முடியும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார்கள். எழுபது வயதிருக்கும். அன்றுதான் முதல் முறையாக வந்திருந்தார்கள். “எனக்கு 1978இல் கல்யாணம். அப்பா போன பிறகு அண்ணன்மார் ரெஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார்கள். அந்த ஃபேன்னி பேசினதை அப்படியே எங்க அண்ணி பேசிக் கேட்டிருக்கேன்” என்றார்கள். சற்று நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் நம் உறுப்பினரான வழக்கறிஞர் விளக்கினார். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை தந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கு முன்பே மணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம்தான் அந்த வேறுபாட்டை நீக்கியது. அந்த அம்மா கேட்டுவிட்டு, “கையெழுத்துதான் போட்டாச்சே” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்கள். அன்றைய கூட்டத்தில் அதற்குமேல் யாருக்கும் எதுவும் சொல்லத் தோன்றவில்லை. அவர்கள் இப்போது நம் உறுப்பினர்.

டிசம்பர் 21 அன்று அதே நாவலைத் தழுவி ராஜீவ் மேனன் எடுத்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000). பலமுறை பார்த்த படம்தான் என்றாலும், ஒரு வாரம் முன்பு மூலக்கதையைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அது புதிய படமாகத் தெரிந்தது. மரியான் உருகிப் படிக்கும் ஷேக்ஸ்பியருக்குப் பதில் இங்கே பாரதி. செட்டிநாட்டு வீடு உயிலால் கைவிட்டுப் போகிறது. வில்லோபியின் இடத்தில், நடத்திய நிதி நிறுவனம் கவிழ்ந்துபோன ஸ்ரீகாந்த். தொண்ணூறுகளில் பணம் போட்டு ஏமாந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்தப் பாத்திரத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஆங்கிலப் படத்தில் எலினோர் எட்வர்டிடம், உங்களுக்குச் சொத்து வந்து சேரும், எங்களுக்கோ சம்பாதிக்கவும் வழியில்லை என்கிறாள். தமிழில் மூத்த மகள் சௌமியா சென்னைக்கு வந்து கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலைக்குப் போகிறாள். நாவல் வெளியான 1811க்கும் இந்தப் படத்துக்கும் இடையே 189 ஆண்டுகள். வீடு போனதும், அம்மா தவித்ததும், காதல் தள்ளிப்போனதும் மாறவில்லை. மாதச் சம்பளம் ஒன்றுதான் புதிது. அது வந்ததும் சௌமியா தலைநிமிர்ந்து நடக்கிறாள். எலினோருக்கு அந்தச் சம்பளம் இருந்திருந்தால் எட்வர்டுக்காக அவள் அப்படி மௌனமாகக் காத்திருந்திருப்பாளா என்று நான் அன்று கேட்டேன். இன்னும் அந்தக் கேள்வியை விட முடியவில்லை.

சரி, நிர்வாக விஷயங்கள். ஜூலையில் புரொஜெக்டரின் விளக்கு போய்விட்டது, காட்சி நாற்பது நிமிடம் தாமதமானது. மன்னிக்க வேண்டும். இப்போது மாற்று விளக்கு ஒன்று கையிருப்பில் இருக்கிறது. அரங்க வாடகை நடு ஆண்டில் உயர்ந்ததால் சந்தாவை ஆண்டுக்கு 600 ரூபாயிலிருந்து 750 ஆக்கும் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. மாணவர்களுக்கு 300 என்பதை உயர்த்த வேண்டாம் என்பது என் கருத்து. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

வரும் ஆண்டில் ஒவ்வொரு படத்துக்கும் நான்கு பக்கத் தமிழ்க் குறிப்பு தயாரிக்க விரும்புகிறோம். எழுத முன்வருவோர் இன்றே பெயர் கொடுக்கலாம். குறிப்பு அச்சிட்டுத் தந்தவருக்கும், காட்சிதோறும் தேநீர் பொறுப்பை ஏற்ற சகோதரிகளுக்கும், நாற்காலி போட்டு எடுத்து வைத்த இளைஞர்களுக்கும் சங்கத்தின் நன்றி. இந்த அறிக்கையை ஏற்று ஒப்புதல் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்