ஆண்கள் கழிப்பறையில் ஒரு பலகை

ஆசிரியருக்கு,

கைக்குழந்தையையும் ஓடித்திரியும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பயணம் போவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை என் மனைவிதான் சத்தமாக வாசித்துக் காட்டினாள். குறிப்புகளில் பெரிய குறை ஒன்றும் இல்லை. ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை "தாய்மார்களே, தாய்மார்களே" என்றே போகிறது, அப்பா என்கிற ஆள் பெட்டி தூக்கும் இடத்தில் ஒரே ஒரு தடவை தலைகாட்டிவிட்டுப் போகிறார். கட்டுரையாளரை மட்டும் சொல்லிப் பயனில்லை, விமான நிலையம் கட்டுகிறவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். போன மாதம் நானே பட்டதால் எழுதுகிறேன்.

மகளுக்கு இரண்டரை வயது, மகனுக்கு ஏழு மாதம். ஒரு விமானத்தை விட்டு இறங்கி அடுத்ததற்கு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். மகள் டயப்பரை விட்டு ஒரு மாதம்தான் ஆகிறது, "வருது" என்று அவள் சொன்னால் வந்துவிட்டது என்று அர்த்தம், அதனால் மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பெண்கள் பக்கம் வழக்கம்போல நீள வரிசை. அவர்கள் போன இரண்டாவது நிமிடம் என் மடியில் இருந்தவன் முகம் சிவந்து, முக்கி, வேலையை முடித்தான். டயப்பர் தாங்கவில்லை, முதுகு வழியாக ஏறிப் பிடரி வரை வந்துவிட்டது. பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது புரியும், மற்றவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம்.

ஆண்கள் கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் நாலு இருந்தது, ஆளுயரக் கண்ணாடி இருந்தது, ஒரு குழந்தையைக் கிடத்த மட்டும் இடம் இல்லை. கைகழுவும் மேடை முழுக்கத் தண்ணீர். துடைத்துக்கொண்டிருந்த பணியாளரைக் கேட்டேன், மாற்றும் பலகை பெண்கள் பக்கத்தில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பாவம், கை துடைக்கும் காகிதத்தில் ஒரு கற்றையை உருவி என் கையில் திணித்தார். வெளியே வந்து இரண்டு நாற்காலிகளில் அதை விரித்து, போகிறவர் வருகிறவர் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்க, அங்கேயே மாற்றினேன். குழந்தைகளின் பனியனில் தோள் பக்கம் துணி ஒன்றின்மேல் ஒன்று மடிந்து ஏறியிருக்கும் அல்லவா, அது அழகுக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கழுத்தை அகல விரித்தால் தோள் வழியாகக் கால் பக்கமாகவே உருவிவிடலாம், தலைவழியே இழுத்து முடியெல்லாம் அப்பிக்கொள்ள வேண்டியதில்லை. மனைவி எப்போதோ சொன்னது நல்லவேளையாக ஞாபகம் வந்தது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. சுவரோடு மடக்கி வைக்கிற ஒரு பிளாஸ்டிக் பலகை, நாலு திருகாணி. அமெரிக்காவில் 2016-இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள், மத்திய அரசுக் கட்டடங்களில் பொதுமக்கள் போகும் கழிப்பறை என்றால் ஆண்கள் பக்கமும் குழந்தைக்கு மாற்றும் வசதி இருக்க வேண்டும் என்று. சட்டம் போட்டுத்தான் செய்ய வேண்டுமா என்பது வேறு கேள்வி.

அப்புறம் அந்தக் குறிப்புகள். எல்லாம் ஒரே ஒரு பிள்ளை இருக்கிறவர்களுக்கு எழுதியது போல இருக்கிறது. விமானம் இறங்கும்போது பால் கொடுங்கள், விழுங்க விழுங்கக் காதடைப்பு விடும் என்று போட்டிருந்தீர்கள். சரிதான், ஆனால் தரை தொடுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடுகிறது, பெல்ட் போடச் சொல்கிற வரை காத்திருந்தால் தாமதம், ரொம்ப முன்னால் கொடுத்தால் குடித்துவிட்டுத் தூங்கிப்போவான், காது அடைக்கும்போது அலறிக்கொண்டு எழுந்திருப்பான். எங்களுக்கு நடந்தது இரண்டாவது. அதே நேரத்தில் பெரியவளும் காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், அவளுக்குப் பால் புட்டி கொடுக்கிற வயசு தாண்டியாயிற்று. ஸ்ட்ரா வைத்த கோப்பையில் தண்ணீர் கொடுத்ததும் அடங்கினாள். இதை ஏன் யாரும் எழுதுவதில்லை?

இரண்டு வயது முடிந்துவிட்டால் மடியில் வைக்க முடியாது, தனி இருக்கை எடுக்க வேண்டும். எடுத்தோம். கணினி அவளை எங்களுக்கு மூன்று வரிசை பின்னால், முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் போட்டிருந்தது. இரண்டரை வயதுப் பிள்ளையை! கவுன்டரில் இருந்தவர் உள்ளே போய்ப் பேசிக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஒரு பெரியவர் தானாகவே எழுந்து இடம் மாறிக்கொண்டார், அவர் மட்டும் மறுத்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று தெரியவில்லை.

ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளைத் தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரேயடியாகக் கட்டிப்போடாதீர்கள், இரண்டு வயதிலிருந்து நாலு வயது வரை திரை பார்ப்பது நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்றெல்லாம் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. முதலாவதைக் காப்பாற்ற அவளை விமானத்தின் நடைவழியில் பதினோரு தடவை நடத்திக்கொண்டு போனேன். இரண்டாவது என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

அடுத்த தடவை இப்படி ஒரு கட்டுரை போட்டால் "பெற்றோர்களே" என்று தொடங்குங்கள். அதோடு, கழிப்பறைகளுக்குப் பொறுப்பானவர்களிடம் அந்தப் பலகையைப் பற்றி உங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்டு, என்ன பதில் வந்தது என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அப்பா

பி.கு.: கைப்பையில் மாற்றுடை ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தீர்கள். பிள்ளைக்கு இரண்டு, தூக்கிக்கொண்டு போகிறவருக்கு ஒரு சட்டை என்று திருத்திப் போடவும்.