போஸ்க் வாசலில் வழிசொன்ன அம்மையாருக்கு நன்றி

லண்டன் ஹாமர்ஸ்மித் கிங் தெருவில் உள்ள போலந்துப் பண்பாட்டு மையமான போஸ்க் வாசலில், கைக்குழந்தையோடு புதிதாக வந்த எங்கள் பக்கத்து வீட்டுப் போலந்துக் குடும்பத்துக்கு வழிசொன்ன அம்மையாரே, பெயர் தெரியாவிட்டாலும் மனமார்ந்த நன்றி.

மற்றப் போலந்துக் குடும்பங்களோடு அறிமுகமாக நீங்கள் சொன்ன வரிசைதான் சரி. முதலில் போலிஷ் மொழியில் (போலந்து மொழி) நடக்கும் ஞாயிறு திருப்பலி. பூசை முடிந்ததும் கிளம்பிவிடாமல் கால் மணி நேரம் நிற்க வேண்டும், அறிமுகமெல்லாம் அப்போதுதான். மூத்த பிள்ளைக்குப் போலிஷ் சனிக்கிழமைப் பள்ளி: செப்டம்பரில் வகுப்பு தொடங்கும், கோடை விடுமுறையில் பதில் சொல்ல ஆள் இருக்காது, ஆகவே மே மாதமே கேட்டுவைப்பது நல்லது. மழலையர் குழுக்கள் பெரும்பாலும் வாரநாள் காலையில்தான் கூடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு உதவாது. அவர்களுக்குப் போலந்து மளிகைக் கடை அறிவிப்புப் பலகை உண்டு. தேதி இல்லாத சீட்டை மட்டும் நம்ப வேண்டாம். ஒட்டியவர் ஊர் மாறியிருப்பார்.