பறை காய்ச்ச இடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பறை, நாகஸ்வரம், கிதார் மூன்றையும் இணைக்கும் இளைஞர் குழுக்களுக்கு மேடை கிடைப்பது பெருமகிழ்ச்சி. ஆனால் மழைக்காலத்தில் பறைத்தோல் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும். கணீரென்ற ஓசை போய் 'தொப்' என்று விழும். தீயில் காய்ச்சினால்தான் மீண்டும் விறைக்கும். அரங்கினுள் தீ கூடாதென்றால், விழா அமைப்பாளர்களே, வெளியே ஒரு மூலையாவது ஒதுக்குங்கள். பிளாஸ்டிக் பறையைக் காய்ச்ச வேண்டாம்தான், ஆனால் தோலின் நீண்டொலிக்கும் கார்வை அதில் வராது.

சுருதியில் கிதார்தான் நாகஸ்வரத்துக்கு இணங்கிவர வேண்டும். பாரி எனும் நீளமான நாகஸ்வரத்தின் சுருதி பெரும்பாலும் 2 அல்லது 2½ கட்டை (சுருதி அளவு). ஊதும் வாய்ப்பகுதியான சீவாளியை மாற்றினாலும் சற்றே நகரும். 2½ கட்டைக்கு, கிதாரின் முதல் கட்டத்தில் (ஃப்ரெட்) கேப்போ எனும் தந்திக் கவ்வியை மாட்டி 'டி' கார்டு பிடித்தால் சேர்ந்துவிடும். மைக்கை நாகஸ்வரத்தின் விரிந்த அடிப்பகுதியான அணசோடு ஒட்டி வைக்காமல் இரண்டடி தள்ளி வையுங்கள்.

நாட்டுப்புற இசைக் கலைஞர்கள்,
மதுரை